பொன்மணி எண்ணிய இருபத்தெட்டு

தாயில்பட்டி அங்கன்வாடி டீச்சர் பொன்மணிக்கு முப்பத்தேழு வயது. இந்த முப்பத்தேழு வருஷத்தில் அவள் கவலைப்படாமல் விட்ட விஷயம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்ப்பாள். அணைந்துதான் இருக்கும். மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கதவைப் பூட்டினோமா என்று இன்னொன்று முளைக்கும். அங்கன்வாடியில் பிள்ளைகள் சத்துமாவு உருண்டையை விழுங்கும்போது இவள் தொண்டை ஏறி இறங்கும். மழை பெய்தால் வெம்பக்கோட்டை அணை தாங்குமா என்று கவலை. பெய்யாவிட்டால் எதற்கு அந்த அணை என்று கவலை.

"உனக்குக் கவலைப்பட ஒண்ணுமில்லன்னா, அது ஏன் இல்லைன்னு ஒரு கவலை வந்துரும்ட்டி" என்பார் புருஷன். அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று அதையும் இரண்டு நாள் யோசித்தாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு காலைப்பொழுது கவலையை விட்டாள். 2007, தை மாதத்து வெள்ளிக்கிழமை. அந்த ஒரு காலைப்பொழுதின் கதை இது.

அந்த வாரம் அவள் பயிற்சியில் இருந்தாள். விருதுநகர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் குழந்தைகள் பிரிவில் எட்டு நாள். அந்தப் பிரிவு செய்யாத வேலை கிடையாது. ஒரு மூலையில் பேதி கண்ட பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல். இன்னொரு மூலையில் காமாலை விழுந்த பச்சைப்பிள்ளை நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நடுவில் எடைத் தராசு, தடுப்பூசி அட்டை, ஆக்சிஜன் உருளை, "எம்பிள்ளைய எப்ப விடுவீக" என்று அரைமணிக்கு ஒருமுறை கேட்கும் அப்பன்மார். இத்தனைக்கும் ஊடே கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருபத்துநாலு அங்கன்வாடி டீச்சர்களைப் புகுத்திப் பாடமும் நடத்தினார்கள். கிராமத்தில் பிள்ளைக்கு நோய் முற்றுமுன்னே கண்டுபிடித்து அனுப்ப இவர்களைப் பழக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சான்றிதழ் முதல் நாளே வந்துவிட்டது. சிவகாசி இருக்கிற மாவட்டத்தில் அச்சடிக்க நேரமாகாது, படிக்கத்தான் நேரமாகும். 'எட்டு நாள் பயிற்சியைச் சிறப்பாக முடித்தமைக்கு' என்று தங்கக் கரை போட்ட இருபத்துநாலு அட்டைகள், இருபத்துநாலு பெயர்களோடு, பயிற்சி ஒருங்கிணைப்பாளர் சங்கையாவின் அலமாரியில் பொறுமையாக உட்கார்ந்திருந்தன.

பாடத்தில் முக்கியமானது மூச்சை எண்ணுவது. பிள்ளையின் சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும். ஒரு ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து ஒரு மூச்சு. ஒரு வயதுக்குள்ளிருக்கும் பிள்ளைக்கு ஐம்பதைத் தொட்டால் நிமோனியா. படிவத்தில் மஞ்சள் கட்டம், மருந்து கொடு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ ரோஸ் கட்டம், ஆஸ்பத்திரிக்கு ஓடு. இரண்டும் இல்லையென்றால் பச்சை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்.

வார்டில் ஒரு பிள்ளைக்கு ஆறு டீச்சர்கள் சுற்றி நின்று எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் யாராவது ஒருத்தி, பெரும்பாலும் குரல் பெரிதாக உள்ளவள், "நாப்பத்திரண்டு" என்பாள். மற்ற ஐவரும் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று கௌரவமான தூரத்தில் எழுதிக்கொள்வார்கள். பொன்மணியும் எழுதினாள். அவள் கையில் வந்த எண் வேறாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எண்ணுக்கும் ஊர் எண்ணுக்கும் சண்டை வந்தால் ஊர் பக்கம் சேர்ந்துகொள்வது அவள் சுபாவம். தூரத்தில் நின்றதால் பாதி தவறிவிட்டது போல என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

எட்டாம் நாளுக்கு ஒரு வீட்டுப்பாடம். அவரவர் ஊரில் ஒரு பிள்ளையைத் தனியாகப் பார்த்து, எண்ணி, படிவம் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் படிவத்தோடு வெளியே வந்தாள். தேடிப் போக வேலையில்லாமல் பிள்ளையே வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு பானுப்பிரியா, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் இருபது வயதுப் பெண், ஏழு மாதப் பையன் மாரிக்கண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"டீச்சரக்கா, ராத்திரி பூராம் இருமிக்கிட்டே கெடந்தான். இன்னைக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போறோம், முடி எடுக்க. வேன் சொல்லியாச்சு. மாமன்மாரு எல்லாரும் வந்தாச்சு. இவனைக் கூட்டிட்டுப் போகலாமா, பாத்துச் சொல்லுங்க."

மற்ற நாளாக இருந்தால் பொன்மணியின் வாய் தானாகச் சொல்லியிருக்கும்: போகாதே. தும்மல் போட்ட பிள்ளையைத் தெருமுனைக்குக் கூட அனுப்பாதவள். ஆனால் ஏழு நாளாகக் காதில் ஏறியிருந்தது வார்டு நர்ஸ் யோகலட்சுமியின் குரல்: "மனசு சொல்றத எழுதாதீக. எண்ணி வாரத எழுதுங்க."

எண்ணினாள். புருஷனின் வாட்சை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் முழுக்க, கண் கொட்டாமல். இருபத்தெட்டு. விலாவைப் பார்த்தாள், குழி இல்லை. பால் குடிக்கிறானா என்று கேட்டாள், குடித்தான். பச்சைக் கட்டத்தில் டிக் போட்டபோது, பத்து வருஷமாகத் தலையில் சுமந்த குடத்தை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

"வெறும் சளிதான். தாராளமாக் கூட்டிட்டுப் போ."

பானுப்பிரியா நம்பாமல் பார்த்தாள். "அக்கா, நீங்களா சொல்றீக?"

"நான் சொல்லல. கணக்கு சொல்லுது."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பொன்மணி தூங்கிப்போனாள். டிரைவர் தூங்கிவிடக் கூடாதே என்று எப்போதும் விழித்திருப்பவள், அன்றைக்கு டிரைவரை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டாள்.

பத்து மணிக்கு யோகலட்சுமி ஏழு நாளும் டீச்சர்கள் எழுதிய எண்களை எல்லாம் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, இருபது வருஷ சர்வீஸ், பொய்யை மூக்கால் கண்டுபிடிக்கிற ஆள்.

"ஆறு பேரு ஒரே குழம்பை ருசி பாத்தாலே ஒருத்தி உப்புங்கா, ஒருத்தி புளிங்கா. மூச்சுல மட்டும் என்ன இம்புட்டு ஒத்துமை? இன்னைக்கு ஒவ்வொருத்தியாத் திரைக்குப் பின்னால வாங்க."

திரைக்குப் பின்னால் இருபத்துநாலு பேரின் வண்டவாளமும் வெளியே வந்தது. ஒருத்தி பிள்ளையின் மூச்சை விட்டுவிட்டுத் தன் மூச்சை எண்ணியிருந்தாள். இன்னொருத்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அது பொங்கலுக்கு முன்பே நின்றுபோன கடிகாரம். பொன்மணியின் முறை வந்தது.

"இருபத்துமூணு சிஸ்டர்."

"எனக்கு நாப்பத்தாறு."

"நான் கண்ணை எடுக்கவே இல்ல சிஸ்டர்."

"இன்னொரு தடவ எண்ணுங்க."

மறுபடி எண்ணினாள். மறுபடி இருபத்துமூன்று. யோகலட்சுமி இந்த முறை பிள்ளையைப் பார்க்கவில்லை. பொன்மணியின் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் விரல் கணுக்களின் மேல் ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு இரண்டு முறை ஏறி இறங்கினால் விரல் ஒருமுறை நகர்ந்தது.

"அக்கா, இந்த அங்கன்வாடிக்கு வாரதுக்கு முன்னால என்ன வேலை பாத்தீக?"

"சரம் பின்னினேன் சிஸ்டர். எட்டு வயசுலருந்து."

"எப்படிப் பின்னுவீக, கைய ஆட்டிக் காட்டுங்க."

பொன்மணி வெறும் காற்றில் பின்னிக் காட்டினாள். இடப்பக்கம் ஒரு வெடி, வலப்பக்கம் ஒரு வெடி, நடுவே திரியை ஒரு முறுக்கு. ஒன்று. இடம், வலம், முறுக்கு. இரண்டு. பத்தொன்பது வருஷம் அந்தக் கை அப்படித்தான் எண்ணியிருந்தது. ஜோடிக்கு ஒன்று. சரத்தை விட்டுப் பத்து வருஷம் ஆகியும், துடிக்கிற எதைக் கண்டாலும் கை இடம் வலம் என்று சேர்த்துக் கட்டிவிடுகிறது.

திரைக்கு வெளியே இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பிள்ளையச் சரமாப் பின்னிட்டா" என்றாள் ஒருத்தி. யோகலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் பொன்மணியின் வீட்டுப்பாடப் படிவத்தை எடுத்தாள். இருபத்தெட்டு என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. முதலில் நின்றது யோகலட்சுமியின் சிரிப்பு.

"இதையும் இந்தக் கையாலதான் எண்ணினீகளா?"

பொன்மணி மனசுக்குள் இரட்டித்துப் பார்த்தாள். ஐம்பத்தாறு. பச்சை இல்லை, மஞ்சள். அதுவும் காலை ஆறு மணிக்கு. இப்போது மணி பத்தரை. இருக்கன்குடியில் முடி எடுத்ததும் ஆற்றுத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றுவார்கள்.

யோகலட்சுமியின் செல்போனில் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டார்கள். சங்கிலிமுத்து பானுப்பிரியாவின் புருஷன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல், ஒன்றும் நடக்காத மாதிரி. தாயில்பட்டி டீக்கடைக்குப் போட்டார்கள். "வேன் எட்டு மணிக்கே கெளம்பிருச்சே தாயி. ஒலிபெருக்கி கட்டிக்கிட்டுல்ல போனாக" என்றார் கடைக்காரர்.

"நான் போறேன் சிஸ்டர்."

"போங்க. பிள்ளை துவண்டிருந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ சாத்தூர்ல நிறுத்தி முதல் ஊசியப் போட்டுட்டு நேரா இங்கன வாங்க. ஆக்சிஜனோட கட்டில் ஒண்ணு ஒதுக்கி வைக்கிறேன்." சொல்லிக்கொண்டே யோகலட்சுமி பிளாஸ்திரியைக் கிழித்தாள். பொன்மணியின் வலது கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து ஒட்டினாள். "இந்த விரல் சொல்றத இனிமே கேக்காதீக. வாயால எண்ணுங்க. சத்தமா."

வாசலில் சங்கையா மறித்தார். "எம்மா, சான்றிதழ் வாங்காமப் போறீகளே. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. பின்னால தணிக்கையில என்னையத்தான் கேப்பாக."

கட்டைவிரல் கட்டிக் கிடந்ததால் மற்ற விரல்களால் பேனாவைப் பிடித்துக் கோணல் மாணலாகப் போட்டாள். மூச்சை எண்ணத் தெரியாதவள் என்று கண்டுபிடிக்கப்பட்ட பத்தாவது நிமிஷத்தில், சிறப்பாக முடித்தவள் என்ற அட்டை அவள் கைப்பைக்குள் போனது.

சாத்தூர் பஸ் எல்லா ஊரிலும் நின்றது. ஊர் இல்லாத இடத்திலும் நின்றது. கண்டக்டர் விரல் கட்டைப் பார்த்து, "வெடி சுட்டுருச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். ஏதோ காயம் பட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது. காலையில் பானுப்பிரியா முகத்தில் தெரிந்த ஆச்சரியம் திரும்பத் திரும்ப வந்தது. நீங்களா சொல்றீக? இத்தனை வருஷமாக ஊரே கேலி பண்ணிய கவலை. அதைக் கேட்டிருந்தால் பிள்ளை இந்நேரம் வீட்டில் கிடப்பான்.

சாத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து இருக்கன்குடியில் இறங்கியபோது உச்சி நேரம். தை வெள்ளி, கூட்டம். மொட்டை போடும் கொட்டகையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பிள்ளைகள். எல்லா மொட்டையும் ஒரே ஜாடையில் இருந்தது. பொன்மணி ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து பார்த்தாள். முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தாள். ஒரு தாய் தன் பிள்ளையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "யாரும்மா நீ, எம்பிள்ளைய என்ன பாக்க?" என்றாள். பொன்மணி அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தாள்.

அழுகைச் சத்தம் காதைப் பிளந்தது. கத்திக்குக் கீழே இருந்த ஒவ்வொரு பிள்ளையும் தொண்டை கிழியக் கத்தியது. அந்த அழுகைக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் சத்தமில்லை. ஒரு நாவிதரின் குரல் கேட்டது.

"இம்புட்டு சமத்தான பிள்ளைய நான் பாத்ததே இல்ல. கத்தி பட்டும் ஒரு சிணுங்கல் கெடையாது. கலெக்டரா வருவான் பாருங்க."

மாமன்மார் பெருமையாகச் சிரித்தார்கள். பொன்மணி அங்கே ஓடினாள். தாய்மாமன் மடியில் மாரிக்கண்ணன். தலையில் பாதி முடி போயிருந்தது, பாதி இருந்தது. கண் அரைகுறையாக மூடியிருந்தது. அழாத பிள்ளை இல்லை அது. அழ முடியாத பிள்ளை.

"கத்திய எடுங்கய்யா. போதும்."

நாவிதர் வேலுச்சாமி நிமிர்ந்து பார்த்தார். சங்கிலிமுத்து குறுக்கே வந்தார். "என்னக்கா இது. பாதி மொட்டையோட ஆத்தா முன்னால எப்படித் திரும்புறது? காலையில நீங்கதான வெறும் சளின்னீக?"

பானுப்பிரியா பொன்மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஏதாவது ஒரு பொய் சொல்லலாம். காலையில் நன்றாக இருந்தான், இப்போதுதான் முற்றிவிட்டது என்று சொல்லலாம். யாரும் கேட்கப் போவதில்லை. கைப்பையில் சான்றிதழ்கூட இருந்தது.

"நான் தப்பா எண்ணிட்டேன் பானு. பாதிதான் எண்ணினேன். காலையிலயே பிள்ளைக்கு முடியாமத்தான் இருந்திருக்கு."

"ஏக்கா, பிள்ளை விசயத்துல வெளையாடுவாகளா?" என்றார் ஒரு மாமன். "அப்பத் தப்பா எண்ணினவுக இப்பச் சரியா எண்ணுறீகன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. பதில் வேலுச்சாமியின் மணிக்கட்டில் இருந்தது. "அண்ணே, உங்க வாட்ச்சு ஓடுதா?"

"செல்லு புதுசும்மா."

"நிமிசம் பாத்துச் சொல்லுங்க. நான் சத்தமா எண்ணுறேன். எல்லாரும் கூட எண்ணுங்க."

வேலுச்சாமி கத்தியை மடக்கி வைத்துவிட்டு வாட்சைக் கழற்றிக் கையில் பிடித்தார். பொன்மணி சட்டையைத் தூக்கினாள். ஒண்ணு. ரெண்டு. கட்டிக் கிடந்த கட்டைவிரல் பிளாஸ்திரிக்குள் துள்ளியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பத்து வரைக்கும் தனியாக எண்ணினாள். இருபதில் பானுப்பிரியாவின் குரல் சேர்ந்தது. முப்பதில் கேள்வி கேட்ட மாமனும் முணுமுணுத்தார். நாற்பதைத் தாண்டியதும் பக்கத்து நாவிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது. ஐம்பத்தொன்று. இன்னும் நிமிஷம் முடியவில்லையா என்று சங்கிலிமுத்து வாட்சை எட்டிப் பார்த்தார்.

"அறுபத்தாறு" என்பதில் எண்ணிக்கை நின்றது. விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு குழி விழுந்து விழுந்து எழுந்தது. அதைக் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை.

"மீதி முடி?" என்றார் சங்கிலிமுத்து.

"மீதிய வந்து எடுத்துக்கிடலாம்யா" என்றார் வேலுச்சாமி. "ஆத்தா எங்கயும் போயிற மாட்டா. நானும் இங்கனதான் இருப்பேன். மொதல்ல பிள்ளையத் தூக்குங்க."

ஒலிபெருக்கி கட்டிய வேன், ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஓடியது. சாத்தூரில் ஒரு ஊசி. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை. பானுப்பிரியா பிள்ளையைத் தன் வயிற்றோடு சேர்த்துச் சேலையால் சுற்றிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து பொன்மணி எண்ணிக்கொண்டே வந்தாள். நிமிஷத்துக்கு நிமிஷம் எண்ணைச் சொன்னாள். அறுபத்தாறு. அறுபத்தெட்டு. அறுபத்தேழு. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் நின்றால்தான் பயம் என்று எல்லோருக்கும் தோன்றியது.

குழந்தைகள் பிரிவில் கட்டில் தயாராக இருந்தது. ஆக்சிஜன் குழாய் சின்ன மூக்கில் ஏறியது. டாக்டர் வந்தார். "மூச்சு எத்தனை?"

"அறுபத்தேழு சார்" என்றாள் பொன்மணி.

டாக்டர் யோகலட்சுமியைப் பார்த்தார். காலையில் நடந்தது அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. குனிந்து, தானே ஒரு நிமிஷம் எண்ணினார். பொன்மணியின் வாழ்க்கையில் அத்தனை நீளமான நிமிஷம் வந்ததில்லை. அவர் நிமிர்ந்து சீட்டில் எழுதினார். அறுபத்தெட்டு.

"விரல்ல என்னம்மா காயம்?"

"காயமில்ல சார். அது ஒரு கெட்ட பழக்கம்."

அன்று சாயங்காலம் சங்கையா படிவத்தோடு வந்தார். இருபத்தெட்டை அடித்துத் திருத்தக் கூடாதாம். அடித்தல் திருத்தல் இருந்தால் மேலே ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். புதுப் படிவத்தில் ஐம்பத்தாறு என்று எழுதி, காலை ஆறு மணி என்று போட்டுக் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது. இருபத்துநாலு பேரும் சரியாக எண்ணினார்கள் என்று அறிக்கையும் போய்விட்டதாம்.

"வேண்டாம் சார்" என்றாள் பொன்மணி. படிவத்தை வாங்கி, இருபத்தெட்டின் மேல் ஒரு கோடு போட்டாள். உள்ளே இருக்கிற எண் தெரிகிற மாதிரி மெல்லிய கோடு. பக்கத்தில் ஐம்பத்தாறு என்று எழுதினாள். சங்கையா அதைத் தொடவே பயந்தார். யோகலட்சுமி வாங்கிப் பயிற்சி அறைச் சுவரில், மூன்று வண்ண அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். "அடுத்த குரூப்பு திங்கக்கிழமை வருது. பாடம் இங்கருந்து ஆரம்பிக்கட்டும்."

மாரிக்கண்ணன் எட்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள் அழுதான். வார்டே கேட்கிற மாதிரி, பாதித் தலை முடியோடு. அந்த அழுகையைக் கேட்டு யோகலட்சுமி முதல்முறையாக உட்கார்ந்து காபி குடித்தாள். புதிதாக வந்த இருபத்துநாலு டீச்சர்கள் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் அவன் மூச்சைத்தான் எண்ணினார்கள். அவனும் சமத்தாக மூச்சு விட்டுக்கொடுத்தான்.

எட்டாம் நாள் மாலை வீட்டுக்கு விட்டார்கள். பானுப்பிரியா பிள்ளையைச் சுருட்டி எடுத்தாள். சங்கிலிமுத்து வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். அங்கன்வாடியை மூடிவிட்டு வந்திருந்த பொன்மணி, சட்டையைத் தூக்கி எண்ணினாள். முப்பத்தாறு. பச்சை.

மறுபடி தூக்கினாள்.

"அக்கா, டாக்டரும் எண்ணியாச்சு, சிஸ்டரும் எண்ணியாச்சு. ஆட்டோ நிக்குதுக்கா."

"நிக்கட்டும்" என்றாள் பொன்மணி, வலது கட்டைவிரலை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு. "இன்னும் ஒரே ஒரு நிமிசம்."